புள்ளியிலிருந்து கட்டத்துக்கு

நுழையும்முன்

ஓர் இடத்தைப் பிறருக்கு உணர்த்த ஊர்ப்பெயரும் தெருப்பெயரும் கதவிலக்கமும் போதும் என்றே நெடுங்காலம் வாழ்ந்துவந்தோம். தெருவே இல்லாத வயல்வெளியில் ஒருவர் பாம்புக்கடியுற்று வீழ்ந்தால், அவசர ஊர்தி ஓட்டுநருக்கு எந்த முகவரியைச் சொல்வது? இத்தகைய தேவைகளுக்காகவே நிலப்பரப்பைக் கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு குறியீடு வழங்கும் முறைகள் தோன்றியுள்ளன. அட்ச, தீர்க்க அளவுகளை மென்பொருள் அக்குறியீடாக மாற்றும் முறையையும், அக்குறியீடு எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை என்பதையும் இப்பாடம் விளக்குகிறது.

சென்னைப் பரங்கிமலையை அடுத்த சமவெளியில், 1802ஆம் ஆண்டு வில்லியம் லாம்டன் என்னும் படைத்துறை அலுவலர் எஃகுச் சங்கிலி கொண்டு ஒரு நேர்கோட்டை அளந்தார். ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அந்த அடிக்கோட்டிலிருந்தே, இந்திய நிலப்பரப்பை முக்கோணங்களால் அளந்த மாபெரும் முக்கோண நில அளவைப் பணி வளர்ந்தது. நாட்டின் எந்த இடத்தையும் இரண்டு கோண அளவுகளால் நுட்பமாகக் குறிப்பதற்கு அப்பணி வழிவகுத்தது. நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே எவ்வளவு என்பது அட்சம். கிரீன்விச் கோட்டிலிருந்து கிழக்கே எவ்வளவு என்பது தீர்க்கம். வரைபடத்தாளில் ஒரு புள்ளியைக் குறிக்க நாம் பயன்படுத்தும் ஆயத்தொலைவுகள் இரண்டைப் போன்றவையே இவையும்.

லாம்டன் நின்ற அதே பகுதியில் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வோம். அதன் அட்சம் 13 பாகை 0 நிமிடம் 27 விநாடி வடக்கு. தீர்க்கம் 80 பாகை 11 நிமிடம் 33 விநாடி கிழக்கு. இந்தப் புள்ளி பாடம் முழுவதும் நம்முடன் வரும்.

மேற்கண்ட எண்களைத் தொலைபேசியில் ஒருவர் படிக்க, மற்றவர் எழுதிக்கொள்வதாக நினைத்துப் பாருங்கள். ஆறு எண்கள், மூன்று அலகுகள், இரண்டு திசைகள். ஒன்று மாறினாலும் இடம் மாறிவிடும். அச்சமும் பதற்றமும் சூழ்ந்த நேரத்தில் இவ்வளவையும் பிழையின்றிச் சொல்வது எளிதன்று. இதனினும் முதன்மையான காரணம் ஒன்று உண்டு. இலட்சக்கணக்கான பதிவுகளைக் கணினியில் சேமித்துவைத்து, 'இவ்விடத்துக்கு அருகில் இருப்பவை எவை?' என்று தேடும்போது, ஒவ்வொரு பதிவின் தொலைவையும் தனித்தனியே கணக்கிட நேர்ந்தால் தேடல் தாமதமாகும். ஒரே கட்டத்தில் இருப்பவற்றை முன்னரே ஒரு குறியீட்டின்கீழ்த் திரட்டிவைத்தால், நூலக அலமாரியில் பொருள்வாரியாக அடுக்கிய நூல்களைப் போல அவை உடனே கைக்குக் கிடைக்கும்.

அஞ்சல் எண்ணும் கட்டக் குறியீடும்

இடத்துக்கு எண் வழங்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் நடைமுறைக்கு வந்தது. அதனை வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். அஞ்சல் துறையின் உயர் அலுவலரான அவர் சமஸ்கிருதக் கவிஞரும் ஆவார். தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி ஆகியவற்றுக்குரிய முதல் இலக்கம் 6. பரங்கிமலை அஞ்சலகத்தின் எண் 600016. ஆனால், அவ்வெண் ஓர் அஞ்சலகம் கடிதம் வழங்கும் பகுதியையே குறிக்கிறது. அப்பகுதிக்கு ஒழுங்கான வடிவம் இல்லை. ஒரே எண்ணின்கீழ்ப் பல்லாயிரம் வீடுகள் இருக்கலாம். அட்ச, தீர்க்க அளவுகளைக் கொண்டு அந்த எண்ணைக் கணக்கிடவும் இயலாது. பட்டியலைப் பார்த்தே அறிய வேண்டும்.

கட்டக் குறியீடு இதற்கு நேர்மாறானது. அதற்குப் பட்டியல் தேவையில்லை. கணக்கு ஒன்றே போதும். உலகெங்கும் வழங்கும் இத்தகைய முறைகளுள் 2008ஆம் ஆண்டு குஸ்தாவோ நீமேயர் வெளியிட்ட ஜியோஹாஷ் பெயர்பெற்றது. இந்திய அஞ்சல் துறை, ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துடனும் இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையத்துடனும் இணைந்து டிஜிபின் என்னும் முறையை உருவாக்கி 2025ஆம் ஆண்டு மே மாதம் வெளியிட்டது. அதன் கணக்கீட்டு முறை மறைவானதன்று. எவரும் படித்துப் பார்க்கலாம். தாளும் எழுதுகோலும் கொண்டு தாமே கணக்கிடவும் செய்யலாம். பாடத்துக்கு நாம் டிஜிபினைத் தேர்ந்தமைக்கு அதுவே காரணம். மென்பொருள் செய்வதை ஒருமுறையேனும் கையால் செய்து பார்த்தவர்க்கே அதன் விடையை ஐயுறவும் தெரியும்.

கால் பங்கின் கால் பங்கு

டிஜிபின் முறை இந்தியாவையும் அதனைச் சூழ்ந்த கடற்பரப்பையும் உள்ளடக்கிய ஒரு பெருஞ்சதுரத்தை முதலில் வரைந்துகொள்கிறது. தெற்கெல்லை 2.5 பாகை, வடக்கெல்லை 38.5 பாகை. மேற்கெல்லை 63.5 பாகை, கிழக்கெல்லை 99.5 பாகை. ஆக, ஒவ்வொரு பக்கமும் 36 பாகை. இச்சதுரத்தை நெடுக்கில் நான்காகவும் குறுக்கில் நான்காகவும் பகுத்தால் 16 கட்டங்கள் கிடைக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு குறி உண்டு. குறிகளுள் எட்டு எண்கள்; எட்டு ஆங்கில எழுத்துகள். எழுத்துகளை இங்கு அவற்றின் ஒலிப்பெயரால் தருகிறோம்.

எஃப் | சி | 9 | 8
ஜே | 3 | 2 | 7
கே | 4 | 5 | 6
எல் | எம் | பி | டி

மேல் வரிசை வடக்கு, இடப்பக்கம் மேற்கு. மேலோட்டமாகப் பார்த்தால் குறிகள் தாறுமாறாகச் சிதறிக் கிடப்பனபோலத் தோன்றும். 2இல் தொடங்கி 3, 4, 5 என்று விரலால் தொடர்ந்து செல்லுங்கள். நடுவிலிருந்து புறப்பட்டு, நத்தை ஓட்டின் சுருள்போல விரிந்து, டி என்னும் மூலையில் அது முடியும். தாயக்கட்டத்தில் காய்கள் வெளிச்சுற்றிலிருந்து நடுவீட்டை நோக்கிச் சுற்றிச்செல்வதை அறிந்தவர்கள் அதனைத் திருப்பிப் போட்டதாக எண்ணிக்கொள்ளலாம். இதனால் அடுத்தடுத்த குறிகள் எப்போதும் அடுத்தடுத்த கட்டங்களிலேயே அமைகின்றன. குறிகளுள் 0, 1 ஆகிய எண்கள் இல்லை. ஆங்கில உயிரெழுத்து ஒன்றுகூட இல்லை. எழுத்தையும் எண்ணையும் மாற்றிப் படிக்கும் குழப்பமும், குறிகள் தற்செயலாகச் சேர்ந்து ஒரு சொல்லாகிவிடும் இடரும் இதனால் குறைகின்றன.

இனி நம் புள்ளிக்கு வருவோம். நிமிடத்தை 60ஆலும் விநாடியை 3600ஆலும் வகுத்துப் பாகையோடு கூட்டினால், தசமப் பாகையில் அட்சம் 13.0075, தீர்க்கம் 80.1925 ஆகும். பெருஞ்சதுரத்தின் தென்மேற்கு மூலையிலிருந்து இப்புள்ளி எவ்வளவு தள்ளி இருக்கிறது? வடக்கே 13.0075 − 2.5 = 10.5075 பாகை. கிழக்கே 80.1925 − 63.5 = 16.6925 பாகை.

முதற்படியில் ஒரு கட்டத்தின் பக்கம் 9 பாகை. 10.5075ஐ 9ஆல் வகுக்க ஈவு 1, மீதி 1.5075. 16.6925ஐ 9ஆல் வகுக்க ஈவு 1, மீதி 7.6925. ஈவு 1 என்பதற்கு, ஒரு கட்டத்தை முழுமையாகக் கடந்து இரண்டாம் கட்டத்துள் நிற்கிறோம் என்பது பொருள். ஆகவே கீழிருந்து இரண்டாம் வரிசை, இடமிருந்து இரண்டாம் பத்தி. குறி 4.

இரண்டாம் படியில் அந்த 4ஆம் கட்டத்தையே மீண்டும் பதினாறாகப் பகுக்கிறோம். இப்போது கட்டத்தின் பக்கம் 2.25 பாகை. மீதியாக நின்ற 1.5075ஐ வகுக்க ஈவு 0, மீதி அதே 1.5075. 7.6925ஐ வகுக்க ஈவு 3, மீதி 0.9425. அடி வரிசை, நான்காம் பத்தி. குறி டி. மூன்றாம் படியில் பக்கம் 0.5625 பாகை. ஈவுகள் 2, 1, மீதிகள் 0.3825, 0.38. கீழிருந்து மூன்றாம் வரிசை, இரண்டாம் பத்தி. குறி 3.

இவ்வாறே பத்துப் படிகள். மூன்றாம் குறிக்கும் ஆறாம் குறிக்கும் பின்னர் ஒரு சிறுகோடு இடுவது வழக்கம். முடிவில் நம் புள்ளிக்குக் கிடைக்கும் குறியீடு 4டி3-228-ஜேடி6கே.

மென்பொருள் செய்வது இதுவே. இதற்கு மேல் ஒன்றும் இல்லை. எல்லைக்குள் உள்ளதா என்று பார்த்தல், வகுத்தல், ஈவைக் கொண்டு கட்டத்தின் குறியை எடுத்தல், மீதியை அடுத்த படிக்குக் கொண்டுசெல்லுதல் ஆகியவற்றைப் பத்துமுறை திரும்பச் செய்கிறது. விரிதாள் மென்பொருளில் முழுவெண் பகுதியை மட்டும் எடுக்கும் சார்பைப் பயன்படுத்தி நீங்களே இதனை அமைக்கலாம். புள்ளி சரியாகக் கட்டத்தின் கோட்டின்மீதே விழுந்தால் எந்தப் பக்கத்துக் கட்டத்தில் சேர்ப்பது என்ற கேள்வி எழும். நாம் செய்த ஈவுக் கணக்கில், அது தானாகவே வடக்கு அல்லது கிழக்குக் கட்டத்தைச் சேரும். எவ்விதியானாலும் ஒரே விதியை எங்கும் பின்பற்ற வேண்டும்.

ஒவ்வொரு படியிலும் கட்டத்தின் பக்கம் கால் பங்காகச் சுருங்குகிறது. முதற்படியில் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டராக இருந்த பக்கம், ஐந்தாம் படியில் ஏறத்தாழ 3.9 கிலோமீட்டர்; பத்தாம் படியில் 4 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. மொத்தக் கட்டங்களின் எண்ணிக்கை ஒரு இலட்சத்து ஒன்பதாயிரம் கோடிக்கும் மேல்! தீர்க்கக் கோடுகள் துருவத்தை நோக்கி நெருங்கிச்செல்வதால், இக்கட்டங்கள் தரையில் முழுச்சதுரங்களாக அமைவதில்லை. பத்தாம் படிக் கட்டத்தின் கிழக்குமேற்கு அகலம் சென்னையில் ஏறத்தாழ 3.7 மீட்டர், காஷ்மீரத்தில் 3.2 மீட்டரை ஒட்டியது.

தெரிந்து தெளிவோம்

பங்கினைப் பங்கிடும் இம்முறை தமிழ் அளவை மரபுக்குப் புதிதன்று. வேலி என்னும் நில அளவில் இருபதில் ஒரு பங்கு மா; மாவின் கால் பங்கு காணி; காணியின் கால் பங்கு முந்திரி. எனவே முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. அந்த முந்திரியையே மீண்டும் ஒன்றெனக் கொண்டு முன்போலப் பகுத்தால் கீழ் அளவுகள் கிடைக்கும். முதலாம் இராசராசன் காலத் தஞ்சைக் கல்வெட்டுகளில், வேலியின் 5,242 கோடியே 88 இலட்சத்தில் ஒரு பங்கு வரை நிலம் கணக்கிடப்பட்டுள்ளது. வயலில் அவ்வளவு சிறிய துண்டை எந்தக் கோலாலும் அளக்க இயலாது. அது கணக்கில் வரும் பின்னம். வகுத்துக்கொண்டே செல்லக் கணக்கு இடம் தரும்; நிலம் தராது.

நாம் தருவதும் அது கொள்வதும்

மென்பொருள் தனக்குத் தரப்பட்ட எண்ணை மாற்றித் தரும். அந்த எண் சரியா என்று அதற்குத் தெரியாது. களப்பணியிலிருந்து வரும் பதிவேடுகளில் மிகுதியாகக் காணப்படும் பிழை, நிமிடத்தையும் விநாடியையும் தசமப் பின்னமாகக் கருதிவிடுவது. நம் புள்ளியின் 13 பாகை 0 நிமிடம் 27 விநாடியை 13.0027 என்றும், 80 பாகை 11 நிமிடம் 33 விநாடியை 80.1133 என்றும் ஒருவர் உள்ளிடுவதாகக் கொள்வோம். கணினி எவ்வித எச்சரிக்கையும் தராது. புள்ளி மேற்கே எட்டரைக் கிலோமீட்டர் நகர்ந்து குன்றத்தூர்ப் பக்கம் சென்றுவிடும். கிடைக்கும் குறியீட்டின் தொடக்கம் 4டி3-2ஜே2. சரியான குறியீட்டின் தொடக்கமோ 4டி3-228. முதல் நான்கு குறிகள் ஒன்றாகவே இருத்தலால், பார்ப்பவர் கண்ணுக்குப் பிழை புலப்படுவதில்லை. அவசர ஊர்தி குன்றத்தூருக்குப் போய்ச் சேர்ந்த பின்னரே அது தெரியவரும். பெரிய பிழை தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். அஞ்ச வேண்டியது இத்தகைய நடுத்தரப் பிழையையே.

அட்சத்தையும் தீர்க்கத்தையும் இடம் மாற்றி எழுதுவது மற்றொரு பிழை. சில மென்பொருள்கள் அட்சத்தை முதலில் கேட்கும். சில தீர்க்கத்தை முதலில் கேட்கும். டிஜிபினில் இப்பிழை உடனே பிடிபடும். இந்தியாவின் தீர்க்க அளவுகள் அறுபதுக்கு மேற்பட்டவை. அட்ச எல்லையோ 38.5. எனவே மாற்றித் தந்த எண் எல்லைக்கு வெளியே விழுந்துவிடும். உலகம் முழுவதற்கும் குறியீடு தரும் ஜியோஹாஷில் அந்தக் காப்பு இல்லை. பரங்கிமலையை அது வடதுருவத்துக்கு அருகில் உள்ள சுவால்பார்டு தீவுகளின் பக்கம் கொண்டுபோய் வைத்து, முறையான குறியீட்டையும் தந்துவிடும்.

மூன்றாவது, பழைய நிலப்படங்களிலிருந்து எண்களை எடுப்போர்க்கு நேர்வது. சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் தீர்க்கத்தை அடிப்படையாகக் கொண்டே இந்தியாவின் பழைய நிலப்படங்கள் வரையப்பட்டன. அத்தீர்க்கம் பின்னாளில் மேலும் நுட்பமாகக் கணிக்கப்பட்டபோது, பழைய அளவில் ஏறத்தாழ இரண்டரை நிமிடம் மிகுதி என்பது தெரியவந்தது. தரையில் அது நான்கு கிலோமீட்டருக்கும் மேல். அத்திருத்தம் செய்யப்பட்ட நிலப்படங்களிலும்கூட, புவியின் வடிவத்துக்குக் கொண்ட மாதிரி வேறு, இன்றைய ஜி.பி.எஸ். கருவிகள் கொள்ளும் மாதிரி வேறு. இதனால் சென்னைப் பகுதியில் நூறு மீட்டருக்கு மேலும் விலகல் வரக்கூடும். நான்கு மீட்டர்க் கட்டத்தின் குறியீட்டுக்கு நூறு மீட்டர் என்பது இருபத்தைந்து கட்டங்கள். எந்த மாதிரியில் அளக்கப்பட்ட எண் என்பதை எண்ணோடு சேர்த்தே எழுதிவைப்பது நில அளவையாளர் வழக்கம். தரவுகளைத் தொகுக்கும் நாமும் அவ்வழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும்.

விருத்தாசலத்துக்குத் தெற்கே ஒரு கோடு

'குறியீட்டின் தொடக்கக் குறிகள் ஒன்றாக இருந்தால் இரண்டு இடங்களும் ஒரே பெரிய கட்டத்துள் உள்ளன.' இக்கூற்று உண்மை. 'அருகருகே உள்ள இடங்களுக்குத் தொடக்கக் குறிகள் ஒன்றாகவே இருக்கும்.' இக்கூற்று உண்மையன்று. முதற்கூற்றிலிருந்து இரண்டாவதைத் தாமே வருவித்துக்கொள்வோர் பலர். மென்பொருள் எழுதுவோரும் அவர்களுள் உண்டு.

பெருஞ்சதுரத்தின் முதற்படிக் கோடுகளுள் ஒன்று 11.5 பாகை அட்சத்தில் செல்கிறது. அது தமிழ்நாட்டைக் குறுக்காக வெட்டிச்செல்லும் கோடு. விருத்தாசலம் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டரில் அது கடந்துபோகிறது. அங்கு 79.33 பாகைத் தீர்க்கத்தில் இரண்டு புள்ளிகளைக் கொள்வோம். ஒன்றன் அட்சம் 11.5001, மற்றதன் அட்சம் 11.4999. இடைத்தொலைவு 22 மீட்டர். ஓர் அகன்ற சாலையின் இரு ஓரங்கள் எனலாம். வடக்குப் புள்ளியின் குறியீடு 4டிஎல் என்று தொடங்குகிறது. தெற்குப் புள்ளியின் குறியீடு எம்8எஃப் என்று தொடங்குகிறது. மூன்று குறிகளில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை! அதேவேளையில், சென்னையும் அங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில் உள்ள மும்பையும் 4 என்னும் ஒரே குறியில் தொடங்குகின்றன.

'பாதிக்கப்பட்டவரின் குறியீட்டோடு முதல் ஆறு குறிகள் ஒத்துவரும் அவசர ஊர்திகளைத் தேடு' என்று ஒரு நிரல் எழுதப்பட்டிருந்தால், விருத்தாசலத்துக்குத் தெற்கே, கோட்டுக்கு இப்பால் வீழ்ந்தவருக்கு அப்பால் நிற்கும் ஊர்தி தென்படவே செய்யாது. பிழை கோட்டருகே மட்டும் நிகழ்வதால், சோதனையின்போது அது வெளிப்படாமலும் போகலாம். இக்குறை டிஜிபினுக்கு மட்டும் உரியதன்று. தளத்தைக் கட்டங்களாகப் பகுத்து, பெருங்கட்டத்தின் குறியை முதலிலும் சிறுகட்டத்தின் குறியை அடுத்தும் எழுதும் முறைகள் அனைத்துக்கும் இது பொது. கோடு எங்கேனும் சென்றே ஆக வேண்டும். அது யாருடைய வீட்டுக்கும் வயலுக்கும் இடையில் செல்லும் என்பதைக் கணக்கு பார்ப்பதில்லை.

இதற்குத் தீர்வு உண்டு. ஒரு கட்டத்தில் தேடும்போது அதன் எண்திசையிலும் உள்ள எட்டுக் கட்டங்களையும் சேர்த்து, ஒன்பது கட்டங்களில் தேட வேண்டும். அண்டைக் கட்டங்களின் குறியீட்டை எழுத்தைப் பார்த்து ஊகிக்க முயல்வது வீண் வேலை. புள்ளியின் அட்ச தீர்க்கங்களோடு ஒரு கட்டத்தின் பக்க அளவைக் கூட்டியும் கழித்தும் புதிய புள்ளிகளைப் பெற்று, அவற்றுக்குக் குறியீடு காண்பதே எளிய வழி. அவ்வாறு கிடைத்த பதிவுகளுக்கு மட்டும் உண்மைத் தொலைவைக் கணக்கிட்டால் விடை பிழைக்காது.

குறியீட்டின் நீளம்

கட்டக் குறியீடு ஒரு புள்ளியைச் சொல்வதில்லை. 'இக்கட்டத்துக்குள் எங்கோ' என்றே சொல்கிறது. இதனை மறந்துவிடுவது எளிது. குறியீட்டிலிருந்து மீண்டும் ஆயத்தொலைவுகளைக் கேட்டால் மென்பொருள் கட்டத்தின் நடுப்புள்ளியைத் தருகிறது. நம் பத்துக் குறிக் குறியீட்டைத் திருப்பி மாற்றினால் 13.007513, 80.192507 என்று வரும். முதற்புள்ளியிலிருந்து இரண்டு மீட்டருக்கும் குறைவான விலகல், பொருட்படுத்த வேண்டியதில்லை. 4டி322 என்று ஐந்து குறிகளோடு நிறுத்தித் திருப்பி மாற்றினால் என்ன கிடைக்கும்? 12.994140625, 80.181640625. பரங்கிமலைக்குத் தென்மேற்கே 1.9 கிலோமீட்டர் தள்ளி, விமான நிலையத்தின் அருகே உள்ள புள்ளி அது. ஆயினும் தசமத்துக்குப் பின் ஒன்பது இலக்கங்கள் வரிசையாக நிற்கின்றன. பதிவேட்டைப் பின்னாளில் படிப்பவர், யாரோ மிக நுட்பமாக அளந்து எழுதியதாகவே கருதுவார். உண்மையில் அளந்தவருக்குத் தெரிந்தது, ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர்ப் பக்கமுள்ள ஒரு கட்டம் மட்டுமே.

ஆகவே, எத்தனை குறிகள் எழுதுகிறோம் என்பது, எவ்வளவு தெரியும் என்று நாம் சொல்லும் வாக்குமூலம். பழைய பதிவு ஒன்றில் அட்ச தீர்க்கங்கள் நிமிட அளவு வரை மட்டுமே உள்ளன என்று கொள்வோம். ஒரு நிமிட அட்சம் ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர். ஆறு குறிகள் காட்டும் கட்டமோ ஒரு கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவானது. எனவே அப்பதிவுக்கு ஐந்து குறிகளே தகும். மென்பொருள் பத்துக் குறிகளையும் தயங்காமல் தரும். மிஞ்சிய ஐந்தையும் நீக்கும் பொறுப்பு பதிவு செய்பவருடையது. கைப்பேசியும் இத்தகையதே. திறந்தவெளியில் சில மீட்டர்ப் பிழையோடு இடம் காட்டும் அது, உயர்ந்த கட்டடங்களுக்கு இடையில் பல பத்து மீட்டர் தடுமாறும். ஆனால் இரண்டு இடங்களிலும் குறியீட்டின் நீளம் ஒன்றாகவே இருக்கும்.

நீளத்தை வேண்டுமென்றே குறைக்கும் சூழல்களும் உண்டு. காட்டுயிர்களின் வாழிடங்களைப் பதிவு செய்வோர், கடத்தலுக்கு உள்ளாகும் நட்சத்திர ஆமை போன்ற உயிரினங்களைக் கண்ட இடத்தைப் பத்துக் குறிகளோடு பொதுவில் வெளியிட்டால், அது வேட்டையாடுவோருக்கு வழிகாட்டுவதாகிவிடும். முழுக் குறியீட்டைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, நான்கு அல்லது ஐந்து குறிகளை மட்டும் வெளியிட்டால், அவ்வுயிரினத்தின் பரவலை ஆய்வோருக்கு அது போதுமானது, ஆமைக்கும் பாதுகாப்பு. புள்ளியை மாற்றிப் பொய்யுரைக்காமலே மறைக்க வேண்டியதை மறைக்கும் இவ்வசதி கட்டக் குறியீட்டின் சிறப்புகளுள் ஒன்று.

டிஜிபின் குறியீடு இடத்தை மட்டுமே குறிக்கும். அங்கு வாழ்பவர் யார், வீடு எவருடையது, எந்தத் தளம் என்பன அதில் இல்லை. பத்து மாடிக் குடியிருப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த பத்து வீடுகளுக்கும் குறியீடு ஒன்றே. ஒரு பெரிய மாளிகையின் முன்வாயிலுக்கும் பின்கட்டுக்கும் வெவ்வேறு குறியீடுகள் அமையும். ஆதலால், முகவரியின் இடத்தில் இதனை வைத்துவிட முடியாது; முகவரியோடு சேர்த்தே எழுத வேண்டும். 'ஆலமரத்துக்கு எதிரே' என்னும் பழைய அடையாளத்துக்கும் இன்னும் வேலை இருக்கிறது.

கற்பவை கற்றபின்

1. தஞ்சைப் பெரியகோயில் வளாகத்தில் உள்ள ஒரு புள்ளியின் அட்சம் 10.7828 பாகை வடக்கு, தீர்க்கம் 79.1318 பாகை கிழக்கு. அதற்குரிய டிஜிபின் குறியீட்டின் முதல் ஐந்து குறிகளைக் கையால் கணக்கிட்டுக் காண்க. அதனைப் பரங்கிமலைக் குறியீட்டோடு ஒப்பிட்டு, முதற்குறி வேறுபடுவதன் காரணத்தை எழுதுக.

2. உங்கள் பள்ளி வாயிலில் நின்று கைப்பேசியில் அட்ச தீர்க்கங்களைப் பத்து நிமிட இடைவெளியில் ஐந்துமுறை குறித்துக்கொள்க. ஐந்துக்கும் முழுக் குறியீடுகளைக் கண்டு, எத்தனையாவது குறி வரை அவை ஒத்திருக்கின்றன என்பதை வகுப்பில் கலந்துரையாடுக.

3. ஊர்திகளைத் தேடும் நிரல் எட்டு அண்டைக் கட்டங்களையும் சேர்த்துத் தேடுகிறது. தேட வேண்டிய தொலைவு மூன்று கிலோமீட்டர் எனில், கட்டத்தின் குறியீட்டை எத்தனை குறிகளோடு நிறுத்த வேண்டும்? நான்கா, ஐந்தா, ஆறா? புள்ளி கட்டத்தின் மூலையில் இருப்பதாகவும் எண்ணிப் பார்த்து, காரணத்துடன் விடை எழுதுக.